ஒரு காப்பி, நாலு டம்ளர்

எங்கள் குடும்பத்தில் நிச்சயதார்த்தம் நின்றுபோன சரித்திரம் கிடையாது. ஒரே ஒருமுறை நிற்கப் பார்த்தது. நான் நிற்கவிடவில்லை. அதை உள்ளது உள்ளபடி எழுதிவைப்பது மூத்தவன் என்ற முறையில் என் கடமை. ஊரில் இப்போது அதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

பெண், என் தம்பி உலகநாதனின் மகள் வடிவு. பையன் சென்னியப்பன், கோபிச்செட்டிபாளையத்துக்காரன். இருவரும் சென்னையில் ஒரு டப்பிங் நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். அங்கேயே பேசி முடிவு செய்துகொண்டு எங்களிடம் வந்தார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் எங்களுக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் செய்து வழக்கமில்லை. ஆனாலும் பையனைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினேன். கேட்டதற்குப் பதில் சொன்னான். கேட்காததைச் சொல்லவில்லை. சரி என்றேன்.

நிச்சயத்தன்று அவர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பையனின் அப்பா நாச்சிமுத்து மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். நிமிர்ந்த நடை, கஞ்சி போட்ட வேட்டி. அம்மா தெய்வாத்தாள். என் மனைவி பகவதி வெள்ளித் தட்டில் காப்பி கொண்டுவந்தாள். நாச்சிமுத்து ஒரு டம்ளரை எடுத்தார். கூடத்தில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எங்கள் ஊர்ப் பேச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

“என்னவே, ஒரு காப்பிதானா? நாலு டம்ளரா?”

அவர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கம் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.

“என்ன சொன்னிய?” என்றேன்.

“தமாசுங்க. ‘பதினாறாம் நம்பர் வீடு’ நாடகத்துல வருதில்லீங்களா, திருநெல்வேலிச் சித்தப்பா? எங்கூட்டுல காப்பி வந்தாலே இதச் சொல்லாம யாரும் வாயில வெக்க மாட்டாங்க.”

‘பதினாறாம் நம்பர் வீடு’ தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் வாரம் ஒருநாள் வந்த நகைச்சுவைத் தொடர். வரதன் என்ற குமாஸ்தா, அவன் மனைவி கோதை, அவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரர்கள். இப்போதும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அதுதான் சுவர் டிவியில் ஓடுகிறது. வாரம் தவறாமல் ஒரு காப்பியை நாலு டம்ளரில் ஊற்றிவிட்டுக் குடும்ப கௌரவத்தைப் பற்றிப் பேசும் கஞ்சர் ஒருவர் அதில் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் கோபி மாமா.

உலகநாதனுக்குப் பொறுக்கவில்லை. “திருநெல்வேலிச் சித்தப்பான்னு அதுல யாரும் கிடையாது. அது கோபி மாமால்லா? உங்க ஊர்க்காரரு” என்று சொல்லிவிட்டு, அவனும் நடித்துக் காட்டினான். “ஏனுங், ஒரு காப்பிங், நாலு டம்ளருங்.”

எங்கள் பக்கத்து ஆட்கள் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார்கள்.

தெய்வாத்தாள் டம்ளரைக் கீழே வைத்தார். “எங்க பேச்ச நக்கல் பண்றதுக்குத்தான் இத்தன தூரம் வரச் சொன்னீங்களா?”

“ஆரம்பிச்சது யாரு?” என்றான் உலகநாதன்.

நான் எழுந்தேன். நான் எழுந்தால் எங்கள் வீட்டில் மற்றவர்கள் பேசுவதில்லை. “கேலி பண்ணினதைக்கூட நான் பொறுத்துக்கிடுவேன். இல்லாத ஆளை உண்டாக்கி, அதைத் தூக்கி நாடகத்துத் தலையில போடுதீங்க பாருங்க, அது பொய். பொய் சொல்லுத வீட்டுல எங்க பிள்ளையக் குடுக்க மாட்டோம்.”

நாச்சிமுத்துவும் எழுந்தார். “நான் சொல்ல வேண்டியத நீங்களே சொல்லிப்போட்டீங்க. பொய் சொல்ற ஊட்டுல நாங்களும் எடுக்கறதில்லீங்க.”

கொண்டுவந்த தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சென்னியப்பன் மட்டும் வாசலில் நின்று வடிவைத் திரும்பிப் பார்த்தான்.

வடிவு அழவில்லை. எங்கள் வீட்டுப் பெண். எனக்கு எதிரே வந்து நின்றாள். “பெரியப்பா, ரெண்டு பேருமே பொய் சொல்லலைன்னு தெரிஞ்சா என்ன செய்வீய?”

“அப்படி ஒண்ணு இருந்தா நானே கோபிக்குப் போயி அவங்களக் கூட்டிட்டு வாரேன். ஆனா அப்படி எப்படிட்டி இருக்கும்? அந்த ஆளு ஒண்ணு கோபிக்காரரா இருக்கணும், இல்ல நம்ம ஊர்க்காரரா இருக்கணும்.”

நியாயப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். தொடரை ஒளிபரப்பும் நிறுவனத்துக்கு எழுதி மூலப் பிரதி கேட்டேன். மறுநாளே முத்திரையோடு வந்தது. அதில் கோபி மாமாதான் இருந்தார். அதைக் கோபிக்கு அனுப்பினேன். நாச்சிமுத்து போனில் கூப்பிட்டார். “நீங்க அனுப்புனதப் போட்டுப் பாத்தனுங்க. அதுல உங்க சித்தப்பாதானுங்க பேசறாரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் அனுப்பிய அதே பிரதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் தனியாக வந்தான். உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்டான். வா என்றேன்.

“மாமா, தப்பு யாரு பேர்லயும் இல்லீங்க” என்று ஆரம்பித்தான். “யாரையும் புண்படுத்தக் கூடாதுன்னு சட்டம் வந்தப்ப, மொதல்ல வெட்டத்தான் செஞ்சாங்க. கிண்டல் வந்தா வெட்டு. வெட்ட வெட்டக் கதையே இல்லாமப் போச்சு. ஜனங்க பாக்கறத நிறுத்திட்டாங்க. அப்பறமாத்தான் தணிப்பு மெஷின் வந்துச்சுங்க. அது வெட்டாது, மாத்தி நடிக்க வெக்கும். அதே நடிகர், அதே மொகம், அதே குரல். பேச்சும் ஆளும் மட்டும் வேற.”

“தணிப்பு இருக்குன்னு எனக்கும் தெரியும். கெட்ட வார்த்தைய எடுக்கும்னு சொன்னாங்க.”

“அவ்வளவுதான்னுதான் எல்லாரும் நெனச்சுட்டிருக்கறோம். நானும் அப்படித்தான் நெனச்சனுங்க. நம்ம வீட்டுல யாரு மொகஞ்சுளிக்கறாங்க, யாரு எந்திரிச்சுப் போறாங்க, எல்லாத்தையும் டிவி பாத்துக்கிட்டே இருக்குது. அந்த வீட்டுக்கு நோகாத ஆளாப் பாத்துக் கிண்டலத் தூக்கி வெச்சிருது.”

“நோகாத ஆளுன்னா?”

“அந்த வீட்டுல இல்லாத ஆளுங்க.”

பகவதிதான் கேட்டாள். “அப்போ வீட்டுக்கு வீடு வேற எவனோ ஒருத்தன் கஞ்சனாக்கும்?”

“ஆமாங்கத்தே. எங்க ஆபீஸ்ல கேட்டுப் பாத்தேன். தஞ்சாவூர்ப் பொண்ணுக்கு அவரு மதுரை மாமா. மதுரைக்காரப் பையனுக்குக் காரைக்குடி ஆச்சி.”

“ஆம்பிளையப் பொம்பிளையாவே ஆக்கிப்புட்டானா?” என்று பகவதி கன்னத்தில் கைவைத்தாள்.

உலகநாதன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனுக்கு மளிகை மொத்த வியாபாரம். “ஈரோட்டு மஞ்சள் ஏஜென்சி நம்மளத் தேடி வந்துதுல்லா, அண்ணாச்சி? அந்த ஆளுக கையி இறுக்கம்னு நான்தான் வேண்டாம்னேன். அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தரக்கூட நான் பாத்தது கிடையாது.”

“எங்கப்பா திருநெல்வேலிக்கு லோடே ஏத்தறதில்லீங்க” என்றான் சென்னியப்பன். “காரணம் கேட்டா ஊருக்கே தெரியும்னு சொல்லுவாரு.”

சிரித்துக்கொண்டே சாப்பிட்ட எத்தனையோ இரவுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. யார் மனமும் நோகக் கூடாது என்று செய்த ஏற்பாடு, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் உட்கார்ந்து அடுத்த வீட்டைப் பற்றிக் கோள் சொல்லியிருக்கிறது.

“நிஜமான மூலம் எங்க இருக்கு?” என்றேன்.

“கம்பெனியில இருக்குமுங்க. வெளிய குடுக்கக் கூடாதுன்னு சட்டம். கேட்டா, உங்க வீட்டுக்குத் தகுந்த மூலத்தத்தான் அனுப்புவாங்க.”

“எங்கப்பா நம்புவாருன்னு நெனைக்கறீங்களா?” என்று அவனே தொடர்ந்தான். “சொல்லிப் பாத்துட்டனுங்க. பொண்ணுக்காக மகனும் சேந்து பொய் சொல்றான்னு சொல்லிட்டாரு.”

நான் பகவதியைப் பார்த்தேன். தொடர் முதன்முதல் வந்த காலத்தில் நான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்ததில்லை. ஒரே ஒரு வாரம் தவிர அவள் எதையும் தவறவிட்டதில்லை. பகவதி எதையும் மறக்கிறவளும் அல்ல. எங்கள் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் போனார்கள் என்று இன்றும் சொல்லுவாள். கண்ணை மூடி யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

“அவரு மூஞ்சி தெரியுது. காப்பிய ஊத்துத கை தெரியுது. பேச்சுதான் வர மாட்டேங்கு. கோபி மாமா பேச்சே வந்து வந்து நிக்கு” என்றாள். கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது. “எனக்குள்ள இருந்ததையும்லா அழிச்சிருக்கான்.”

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளறை பீரோவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அதற்குள் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் வீடியோ எடுத்த முதல் கல்யாணம் என்னுடையது. கல்யாணமான சில மாதத்தில் ‘பதினாறாம் நம்பர் வீடு’ கடைசிப் பகுதி வந்தது. அன்றைக்கு ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்ததால் பகவதி கையில் கிடைத்த கேசட்டை டெக்கில் போட்டுப் பதிவுக்கு வைத்துவிட்டுப் போனாள். அழிந்துபோனது எங்கள் முகூர்த்தம். நான் தாலியை எடுக்கிறேன், உடனே நாடகத்தின் பாட்டு வருகிறது. அத்தோடு நிறுத்திப் பீரோவில் பூட்டினேன். கேட்டவர்களிடம், கேசட் பத்திரமாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான். தாலி கட்டியதை அழித்து நாடகம் பிடித்தவள் என்று என் மனைவியை ஊர் பேசினால், அவள் பிறந்த வீட்டையும் சேர்த்தல்லவா பேசும்? ஒரு குடும்பத்துக்குத் தலைவனாக இருப்பவன் சில சாவிகளை இடுப்பிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

“எடுங்க” என்றாள் பகவதி. “எம் மானம் போனாப் போவுது. நம்ம வடிவு மூஞ்சியப் பாருங்க.”

“போவாது. நான் இருக்கேன்” என்றேன்.

கேசட்டைப் பார்த்ததும் சென்னியப்பன் கையில் வாங்கவே பயந்தான். நம் வீட்டுச் சுவர் டிவியில் அதைப் போடக் கூடாது. எது வழியாகப் போனாலும் டிவி தணித்துவிடும் என்றான். தெற்கு பஜாரில் பழைய கல்யாணக் கேசட்டுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் கடை ஒன்றில் டெக்கும், பின்பக்கம் புடைத்த பழைய டிவியும் இருந்தன. கடைக்காரர் நாடாவைத் துடைத்துப் பூஞ்சை எடுத்துக் கொடுத்தார். ஓடுமா என்று பார்க்க ஓட்டட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். நான் முன்னால் பார்த்துவிட்டு அவர்களைக் கூப்பிட்டால் அது சாட்சி ஆகாது. உள்ளே நம் ஊர்ச் சித்தப்பாவே இருந்தாலும் இரண்டு வீடும் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

“அவரு நம்ம ஊர்க்காரரா இருந்தா?” என்றான் உலகநாதன்.

“இருந்தா, நாம சிரிச்சதுக்கு நாம பதில் சொல்லுவோம்.”

கோபிக்கு நானே போனேன். நாச்சிமுத்து மண்டி வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். நான் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை.

“மன்னிப்புக் கேக்க நான் வரல” என்றேன். “அழைக்க வந்திருக்கேன். யாரும் கைவைக்காத நாடகம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மன்னிக்கறதுக்கு நானும் வர மாட்டனுங்க. நாடகம் பாக்க வேணும்னா வர்றேன்.”

அப்படியே வந்தார்.

கடை சிறியது. கதவை இழுத்துச் சாத்தினார்கள். முன்வரிசையில் இரண்டே நாற்காலி, எனக்கும் அவருக்கும். மற்றவர்கள் பெஞ்சிலும் கேசட் பெட்டிகள்மேலும் உட்கார்ந்தார்கள். டெக் ‘கடக்’ என்றது. முதலில் ரோஜாப்பூ வட்டத்துக்குள் ‘ஆவுடையப்பன் – பகவதி’ என்று எங்கள் பெயர் வந்தது. பந்தல் வந்தது. மணவறையில் நான் இருந்தேன். தாலியைக் கையில் எடுத்தேன். படம் புள்ளி புள்ளியாகச் சிதறி, நாடகத்தின் பாட்டு ஆரம்பித்தது.

நான் எழுந்து திரும்பி நின்றேன். “இது எங்க கல்யாணக் கேசட். முகூர்த்தத்து மேல நாடகம் இருக்கு. அதைப் பத்தி யாரும் எதுவும் கேக்கப்படாது.”

“கேக்கலீங்க” என்றார் நாச்சிமுத்து.

பின்னால் தெய்வாத்தாள் பகவதியின் காதருகே குனிந்தார். மெதுவாகத்தான் சொன்னார், கடை சிறியது என்பதால் எல்லோருக்கும் கேட்டது. “நானும் என்ற தம்பி காதுகுத்து மேல இதே நாடகத்தப் புடிச்சுப் போட்டனுங்க. இன்னிக்கு வரைக்கும் இவிகளுக்குத் தெரியாது.”

நாச்சிமுத்து திரும்பவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது.

நாடகம் ஓடியது. சமையல்காரம்மா ஒருத்தி வந்தாள். வரதன் அவள் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தான். பெட்டிக்குள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. கடைக்குள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

“இது நல்லால்ல பெரியப்பா” என்றாள் வடிவு.

“நல்லால்லதான்” என்றேன். “நல்லால்லன்னு சொல்ல நமக்கே தெரியுது பாத்தியா? அதுக்கு ஒரு மெஷினு வேண்டாம்.”

பிறகு பெண் பார்க்க வந்தவர்கள் வரதன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளிருந்து அந்த மனிதர் வந்தார்.

அவர் சித்தப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. திருநெல்வேலிப் பேச்சும் இல்லை, கோபிப் பேச்சும் இல்லை. வரதனின் சொந்த அண்ணன். பதினாறாம் நம்பர் வீட்டின் தலைவர். கஞ்சி போட்ட வேட்டி. நடு நாற்காலி அவருடையது. அவர் உட்காரும்வரை மற்றவர்கள் நின்றார்கள். காப்பி வந்தது. ஒரே ஒரு டம்ளர். அவர் அதை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்து, நாலு டம்ளரில் துளி பிசகாமல் பிரித்து ஊற்றினார். ஊற்றிக்கொண்டே சொன்னார்: “எல்லாருக்கும் ஒரே அளவு. இல்லேன்னா நம்ம வீட்டு கௌரவம் என்ன ஆறது?”

வரதன் சிரித்தான். கோதை சிரித்தாள். அவர் எதிரிலேயே சிரித்தார்கள். அவருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்தும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

கேலி வீட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. வீட்டுத் தலைவரை அவர் வீட்டுப் பிள்ளைகள் அன்போடு கிண்டல் செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லா வீட்டிலும் ரிமோட் தலைவர் கையில்தானே இருக்கிறது? முகம் சுளித்தவர் அவராகத்தான் இருந்திருப்பார். அவரைக் காப்பாற்றுவதற்காக மெஷின் அந்த மனிதரை வீட்டைவிட்டு வெளியேற்றி, ஊர் ஊராக அலையவிட்டிருக்கிறது.

இரண்டு வீட்டு ஆட்களும் திரையைப் பார்க்காமல் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகில் தெரிந்தது.

நாச்சிமுத்து என் பக்கம் சாய்ந்தார். “அது நீங்களுங்களா, நானுங்களா?”

“ரெண்டு பேருந்தான்” என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன். அந்த மனிதர் நாலாவது டம்ளரை மறுபடியும் கண்ணுக்கு நேராகத் தூக்கினார். அடக்க முடியவில்லை. நான் சிரித்தேன். நாச்சிமுத்து தொடையில் தட்டிச் சிரித்தார். அதுவரை காத்திருந்ததுபோலக் கடையே சிரித்தது. வடிவு சென்னியப்பன் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்; நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே படத்தைப் பார்த்து இரண்டு வீடு ஒன்றாகச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும் எழுந்தேன். “பொய்யின்னு நான் சொன்ன வார்த்தையத் திரும்ப வாங்கிக்கிடுதேன். உங்க வீட்டுல யாரும் பொய் சொல்லல.”

“உங்கூட்டுலயும் சொல்லலீங்க” என்று நாச்சிமுத்துவும் எழுந்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நாடகம் முடிந்து, திரையில் மறுபடியும் கல்யாணம் வந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல நான் மறந்துபோனேன். பந்தி நடக்கிறது. இலைக்கு முன்னால் மாப்பிள்ளைக் கோலத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். உட்கார மறுக்கிறேன். என் மாமனார் கெஞ்சுகிறார். நாலு பேர் சமையல்கட்டுக்கு ஓடுகிறார்கள். ஒருவர் பின் ஒருவராக அப்பளம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நான் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓரம் உடைந்திருப்பதைச் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்புகிறேன். பக்கத்து இலையில் புதுப்பெண் பகவதி, ஆகட்டும் பார்க்கலாம் என்பதுபோல் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

தெய்வாத்தாள் திரையை உற்றுப் பார்த்தார். “ஏனுங்க, இது எந்த எபிசோடுங்க? இத நான் பாத்ததே இல்லியே.”

“இதுவா?” என்றாள் பகவதி. “இது எங்க வீட்டுல இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.”

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அது என்னைப் பார்த்து, என் முகத்துக்கு நேராக. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். மாப்பிள்ளை இலையில் அப்பளம் முழுசாக இருக்க வேண்டும். அன்றும் என் கட்சி அதுதான், இன்றும் அதுதான். அதைச் சொல்லவும் செய்தேன்.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. என் அருகில் வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

“நெம்பச் சரியாச் சொன்னீங்க. கல்யாணத்தன்னிக்கு முழு அப்பளத்துக்கு நான் பொறுப்பு, சம்பந்தி.”

சம்பந்தி என்றார். தட்டு பிறகு மாற்றினோம், மேளதாளத்தோடு, எங்கள் வீட்டுக் கூடத்தில், முறைப்படி. ஆனால் எங்கள் வடிவுக்கு நிச்சயம் ஆனது தெற்கு பஜாரில், அந்தக் கடையில், அந்த ஒரு சொல்லில்.